மிலியாமாவின் எட்டு முழ வால்

எங்கள் தீவின் ஹீலோ துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து இறங்குகிற பெரிய மனிதர்கள் பார்க்காமல் போகக் கூடாத காட்சிகள் நான்கு என்று எங்கள் ஊர் வரவேற்புக் குழு துண்டுத்தாள் அச்சடித்து வைத்திருந்தது. எரிமலை, வானவில் அருவி, தென்னந்தீவு, கறுப்பு மணல் கடற்கரை. மழையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. வருஷத்தில் முந்நூறு நாள் பெய்கிற ஒன்றைக் காட்சி என்று சொல்லிக்கொள்ளக் குழுவுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். மிலியாமா கஹலேயையும் சேர்க்கவில்லை. அது கூச்சமும் இல்லை, மறதியும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் வந்தவர்கள் முதலில் பார்த்தது அவளைத்தான். கப்பலின் இறங்குபலகை எங்கே முடிகிறதோ அங்கே மிலியாமா தொடங்குவாள். இரண்டு கூடை, ஒரு முக்காலி, கழுத்திலும் இரு கைகளிலும் தோளிலும் தொங்குகிற இஞ்சிப்பூ மாலைகள். வயது ஐம்பத்து மூன்று. எடை என்னவென்பது சர்க்கரைக் கிடங்குத் தராசுக்கு மட்டும் தெரியும். அது நல்ல தராசு, வெளியே சொல்லாது. வீட்டில் மூட்டை தூக்கி முதுகு போன புருஷன், விதவை மகள், அவள் பெற்ற நான்கு. தன்னோடு சேர்த்து ஏழு வாய்க்கும் கிழங்குக் கூழும் உப்புமீனும் போட்டது பலகைக்குக் கீழே இருந்த அந்த ஒன்றரைக் கஜ இடம்தான். நகரத்துக்குள் பூ விற்றால் வாங்க ஆள் கிடையாது. எங்கள் ஊரில் வேலியெல்லாம் பூ.

இனி உடை. மிலியாமா உடுத்தியது ஹோலொக்கு. கழுத்தை எட்டிப் பிடிக்கும் பட்டை, மணிக்கட்டு வரை கை, மார்பிலிருந்து பாதம் வரை தங்குதடையில்லாமல் விழும் துணி, பின்னால் தரையில் இழுபடும் நீண்ட வால். வாலின் நுனியில் ஒரு வளையம். நடக்கும்போது வளையத்தை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். தன் இடம் வந்ததும் கையை ஓர் உதறு உதறுவாள். எட்டு முழத் துணியும் துறைமுகப் பலகைமேல் விசிறிபோல் விரிந்து படியும். மற்றப் பூக்காரிகள் தங்கள் இடத்துக்குச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டார்கள். மிலியாமாவுக்குக் கோடு தேவைப்படவில்லை. இருநூறு ராத்தல் மூட்டையோடு வருகிற கூலியாட்கள்கூட அந்த வாலைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

இந்த உடையின் வரலாற்றை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடந்த சண்டை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தச் சண்டைக்கு எண்பது வருஷம் முன்பு பாஸ்டனிலிருந்து ஹெப்ஸிபா ஹாட்வெல் என்ற பாதிரி மனைவி எங்கள் கரையில் இறங்கினாள். அப்போது எங்கள் பெண்கள் மரப்பட்டைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். வெட்கம் என்ற சரக்கு தீவில் விளையவில்லை. அதையும் பெட்டி பெட்டியாகப் பாஸ்டனிலிருந்தே இறக்க வேண்டி வந்தது. முதல் பெட்டி வந்ததும் பெண்களுக்குத் துணி பங்கிடப்பட்டது. எதை எங்கே எப்போது போட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பெண்களும் புத்திசாலித்தனமாக, அதிகம் பின்னல் வேலை உள்ளதே உயர்ந்த உடை என்று முடிவு செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவுத் தலைவரின் மனைவி முன்னே வர, முப்பது பெண்கள் படுக்கை அங்கியும் தூங்கும் குல்லாயும் அணிந்து கோவிலுக்குள் ஊர்வலமாக நுழைந்தார்கள். பாதிரியார் பிரசங்கம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டே செய்து முடித்தார்.

திங்கட்கிழமை ஹெப்ஸிபா பெண்கள் தையல் சங்கத்தைத் தொடங்கினாள். சங்கத்துப் பேரேட்டின் முதல் பக்கத்தில் முதல் விதியைத் தன் கையாலேயே எழுதினாள். புது மாதிரி உடை எதுவானாலும், மிஷன் வீட்டுப் பெண் ஒருத்தி அதைத் தானே உடுத்திச் சங்கத்தின் முன் நின்று, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று காட்டிய பிறகே மற்றவர்கள் உடுத்தலாம். அதன்படியே ஹோலொக்கு வந்தது. ஹெப்ஸிபா உடுத்திக் காட்டினாள், எங்கள் பெண்கள் உடுத்தினார்கள்.

கழுத்தும் கையும் ஹெப்ஸிபா போட்டது. வால் எங்கள் பெண்கள் போட்டது. துணி வீண் என்றாள் அவள். ஆமாம் அம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வருஷம் இன்னொரு சாண் சேர்த்தார்கள். கர்வம் என்றாள். ஆமாம் அம்மா என்று இன்னொரு சாண். முன்பக்கம் அவள் ஆண்டாள், பின்பக்கம் இவர்கள் ஆண்டார்கள். இருபத்தேழு வருஷம் இப்படிப் போராடிவிட்டு அவள் கண்ணை மூடியபோது, சவப்பெட்டிக்குப் பின்னால் நான்கு முழ வால்கள் மிகுந்த துக்கத்தோடு இழுபட்டுப் போயின.

மிலியாமாவின் வால் எட்டு முழம். நிறம் கறுப்பு. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் எங்கள் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடி ஏற்றிய அன்று, வெள்ளையாக இருந்ததைக் கறுப்புச் சாயத்தில் முக்கினாள். கொடி திரும்பி ஏறினால் வெளுப்பேன் என்றாள். பதினேழு வருஷமாகச் சாயம் வெளுக்க வெளுக்க மறுபடி முக்கிக்கொண்டிருந்தாள்.

பாட்டி மூடியதைத் திறக்கும் பொறுப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் பேரன் தலையில் விழுந்தது. ஆம்ப்ரோஸ் ஹாட்வெல் கெட்டவர் அல்ல. இங்கேயே பிறந்து, கிழங்குக் கூழ் குடித்து வளர்ந்து, எங்கள் மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறவர். கோவில் மூப்பர், கப்பல் ஏஜெண்டு, வரவேற்புக் குழுவின் செயலாளர். வந்துபோன விருந்தினர் ஒருவர் குழுவின் புத்தகத்தில், 'தீவின் பெண்களைப் பார்த்தேன். சவ ஊர்வலத்துக்குப் புறப்பட்ட என் அத்தையைப்போல இருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டுப் போனார். துரைக்கு அது சுருக்கென்று தைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் நாடக உடை விற்கும் ஒருவரிடம் சொல்லி, முழங்கால் வரை தொங்கும் வைக்கோல் பாவாடை ஒரு டஜன், கையில்லாத சட்டை ஒரு டஜன் வரவழைத்தார். அடுத்த கப்பலிலிருந்து 'தீவின் புராதன உடை' அணிந்தவர்களுக்கு மட்டுமே துறைமுக வேலிக்குள் பூ விற்க அனுமதி என்று அச்சடித்துக் கொட்டகையில் ஒட்டினார். வேலிக்கு வெளியே நின்றால், விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு குதிரை வண்டிகள் நிற்காமல் போய்விடும்.

கொட்டகையில் பன்னிரண்டு பூக்காரிகளும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். துரையே ஒரு பாவாடையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"மிலியாமா, இது உங்க முன்னோர் உடுத்தினது. உங்களுக்குப் பெருமை இது."

"எங்க முன்னோர் மரப்பட்டைத் துணி கட்டினாங்க, துரை. இத நான் குதிரை லாயத்துல பாத்திருக்கேன்."

"உலகமே இதத்தான் எதிர்பாத்து வருது."

"வரட்டுமே. ஆசையா இருந்தா உலகமே கட்டிக்கட்டும்."

"அங்க அமெரிக்காவுல படத்துல எல்லாம் இப்படித்தான் போடறாங்க."

"உங்க பாட்டி வந்து, உடம்பு தெரியுது, மூடுன்னாங்க. மூடினோம். நீங்க வந்து, மூடியிருக்கு, தெறன்னு சொல்றீங்க. உங்க வீட்டுல மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க துரை, நாங்க அப்புறம் உடுத்திக்கிறோம்."

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். விதி போகவில்லை, சுவரிலேயே இருந்தது.

லெபெகா பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். மிலியாமாவின் புருஷனுக்குத் தங்கை, ஒல்லியானவள், முப்பது வயது. அவள் புருஷன் கரும்பு வேலைக்கு வேறு தீவுக்குப் போனவன், ஊர் திரும்பவே இல்லை.

"அண்ணி, முழங்காலத்தான காட்டணும்? இடம் போகாம இருக்குமில்ல."

"உன் முழங்கால் உன்னுது. உனக்குக் காட்டணும்னா காட்டு. அவரு சொன்னாருன்னு காட்டாத."

"உனக்கென்ன, நீ பேசுவ."

"எனக்கும் ஏழு வாயிருக்கு, அதுல ஒண்ணுதான் பேசுது."

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தையல் சங்கக் கூட்டம். கோவிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, மேலே மழை, உள்ளே முப்பத்திரண்டு ஹோலொக்குகள். சங்கத்துத் தலைவி எப்போதும் ஹாட்வெல் வீட்டுப் பெண்ணாக இருப்பது வழக்கம். அப்போது துரையின் மனைவி கிளாரிஸா. எழுதுகிற வேலை எப்போதும் எங்களில் ஒருத்திக்கு. பத்தொன்பது வருஷமாக மிலியாமா. அவள் பேரேட்டைத் திறந்து முதல் விதியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பிறகு கூடையிலிருந்து வைக்கோல் பாவாடையை எடுத்து மேஜைமேல் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தலைவி அம்மா, புது மாதிரி வந்திருக்கு. தைக்கிற செரமம்கூட இல்ல, தச்சே வந்திருக்கு. நீங்க உடுத்திக் காட்டினா போதும். எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு பொண்ணுங்க பாத்துக்குவாங்க."

துரை வீட்டில் 'புராதன உடை' என்றுதான் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டியிருக்கவில்லை. கிளாரிஸா அம்மாள் இரண்டு விரலால் அதைத் தூக்கினாள். நான்கைந்து வைக்கோல் தேநீருக்குள் விழுந்தது.

"இது... இடுப்புல கட்டறதா?"

"அப்படித்தான் துரை சொன்னாரு."

"இதுக்கு உள்ள என்ன போடுவாங்க?"

"அதத்தான் நாங்களும் கேக்கறோம்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எட்டுப் பேருக்கு அந்த இருமல் தொற்றிக்கொண்டது.

"இல்ல மிலியாமா, இது துறைமுகத்துக்கு மட்டும். விருந்தாளிங்க பாக்கறதுக்கு."

"அதுக்கென்ன, துறைமுகத்துலயே காட்டுங்க. செவ்வாய்க்கெழம கப்பல் வருது. என் எடத்த உங்களுக்குத் தர்றேன். முக்காலிகூட இருக்கு."

கிளாரிஸா அம்மாளின் முகம் பலகாரத்துக்குப் போட்ட மாவு நிறத்துக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மிலியாமா அதையும் எழுதிக்கொண்டாள். புதிய உடையை ஏற்கச் சங்கம் ஆவலோடு தயாராக இருக்கிறது என்றும், தலைவியார் உடுத்திக் காட்டும் வரை பழைய மாதிரியே நடப்பில் இருக்கும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. முப்பத்தொரு கை உயர்ந்தது. தலைவி கை மேஜைக்குக் கீழே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் துரை வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ரகசியம். சமையல்காரி எங்களூர்க்காரி, அதனால் எங்களுக்கெல்லாம் தெரியும். அம்மாள் சூப்பைத் தொடவில்லை. "மொதல்ல நீங்க கட்டிக்கிட்டு வாங்க, அப்புறம் நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாளாம். ஆனாலும் துரை விதியை எடுக்கவில்லை. அச்சடித்த காகிதத்தைக் கிழிப்பது ஒரு செயலாளருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது செயலாளராக இருந்தவர்களுக்குத்தான் புரியும். சங்கம் வேறு துறைமுகம் வேறு என்று சொல்லி, வேலி வாசலில் போலீஸ்காரர் கமுவேலாவை நிறுத்தினார். கமுவேலா மிலியாமாவின் அக்காள் மகன். அளவான மீசை, அளவில்லாத பயம்.

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. பதினொரு ஹோலொக்குகள் வரிசையாக வாசலுக்கு வந்தன, முன்னால் கறுப்பு.

"சித்தி, பாவாட எங்க?"

"கூடைக்குள்ள."

"கூடைக்குள்ள இருந்தா ஆகாது சித்தி. உடம்புல இருக்கணும்னு போட்டிருக்கு."

"உடம்புல ஏறும்டா. தலைவி அம்மா காட்டினதும் ஏறும். தீர்மானத்தப் படி."

"என் வேல போயிடும்."

"நீ தடுத்தேன்னு எழுது. நான் மீறினேன்னு எழுது. மீறினவ பேரக் கேட்டு எழுதறதுதான உன் வேல? எழுது."

கமுவேலா குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். எங்கள் பெண்களின் முழுப் பெயர் என்பது சாமானியம் அல்ல. பிறந்த அன்று பெய்த மழை, பாட்டனார் பிடித்த சுறா, அந்த மாதம் இறந்த தலைவர் எல்லாம் அதில் அடக்கம். ஒரு பெயருக்கு ஒரு பக்கம். அவன் பென்சிலை நக்கி, தலையைக் குனிந்து, மிகுந்த கடமையுணர்ச்சியோடு முதல் பெயரை எழுதி முடித்து நிமிர்ந்தபோது, வாசலில் யாரும் இல்லை.

லெபெகா அவர்களுக்கு முன்பே உள்ளே வந்திருந்தாள். வைக்கோல் பாவாடை, கையில்லாத சட்டை, மேலே ஒரு பழைய சால்வை. மிலியாமாவைப் பார்த்ததும் சால்வையை இன்னும் இறுக்கினாள்.

"மூணு புள்ளைங்க அண்ணி."

"நான் ஒண்ணும் கேக்கலயே. வா, பக்கத்துல நில்லு. வெயிலு அந்தப் பக்கம்."

கப்பல் வந்தது. பலகை இறங்கியது. துரை வெள்ளை உடையில், கிளாரிஸா அம்மாள் குடையோடு, பின்னால் பித்தளை வாத்தியக்காரர்கள். பதினொரு ஹோலொக்குகளைப் பார்த்ததும் துரையின் புன்னகை ஒரு பக்கம் இறங்கியது. விருந்தினர் முன்னால் சத்தம் போட முடியாது; வாத்தியத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்.

இறங்கியவர்கள் நேராக லெபெகாவிடம் போனார்கள். அதுவரையில் குழுவின் திட்டம் பிசகவில்லை. ஒரு பெரியவர் அவள் சால்வையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படப்பெட்டியை விரித்தார். திரும்பச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், ஆடு என்று இடுப்பை ஆட்டிக் காட்டினார். லெபெகா சிரித்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பு முகத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல் இருந்தது. நினைவுப்பொருளாக இருக்கட்டும் என்று ஓர் அம்மாள் பாவாடையிலிருந்து ஒரு வைக்கோலை உருவினாள். நல்ல யோசனை என்று இன்னொருத்தர் இரண்டு. அவருடைய மருமகன் ஒரு கைப்பிடி. மாலை வாங்கத்தான் யாருக்கும் நினைவு வரவில்லை.

"அண்ணி," என்றாள் லெபெகா. உதடு அசையாமல், சிரிப்பு கலையாமல். "அண்ணி."

மிலியாமா முக்காலியிலிருந்து எழுந்தாள். குனிந்து வாலின் வளையத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினாள். எட்டு முழமும் எழுந்து வந்தது. லெபெகாவின் அக்குளில் அதன் ஓர் ஓரத்தைச் செருகி, அவளைப் பம்பரம்போல் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மார்பிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு. வளையத்தை அவள் தோளில் மாட்டினாள். ஒரே ஹோலொக்கில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

வாத்தியம் நின்றது. துரை விரைந்து வந்தார். தாழ்ந்த குரலில் எங்கள் மொழியில் பேசினார்.

"மிலியாமா, அவளை விடு. அவ ஒழுங்கா விதிப்படி வந்திருக்கா."

"வந்தா. இப்ப அவளுக்குக் குளுருது."

"இவ்வளவு வெயில் அடிக்குது!"

"அப்படியும் குளுருது துரை. கேட்டுப் பாருங்க."

"குளுருது," என்றாள் லெபெகா. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"துணிய எடு."

"நான் சுத்தினது, நான் எடுக்க மாட்டேன். உங்களுக்கு வேணும்னா நீங்களே அவுத்து எடுங்க."

துரை கையை நீட்டினார். நீட்டியது நீட்டியபடி நின்றது. இந்தப் பக்கம் படப்பெட்டிகள் ஆறு. அந்தப் பக்கம் கிளாரிஸா அம்மாள் குடையை மடக்கிவிட்டிருந்தாள். கோவில் மூப்பர் ஒருவர், பட்டப்பகலில், துறைமுகத்தில், ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து ஹோலொக்கை அவிழ்ப்பது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் முன்பாக அவருக்கே தெரிந்துவிட்டது.

"அவுத்து எடுங்க துரை," என்றாள் மிலியாமா, ஊருக்கே கேட்கும்படி. "உங்க பாட்டி மாட்டினதுதான. எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு உங்களுக்கே தெரியும்."

கை கீழே இறங்கியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தொப்பியைத் தொட்டது.

"ஆம்ப்ரோஸ்," என்றாள் கிளாரிஸா அம்மாள். "வண்டி நிக்குது. விருந்தாளிங்களக் கூட்டிட்டுப் போங்க."

அவர் போனார். கிளாரிஸா அம்மாள் போகவில்லை. பலகைக்கருகில் கிடந்த சால்வையைக் குனிந்து எடுத்து, மடித்து, முக்காலியின் மேல் வைத்தாள். கூடையிலிருந்து ஒரு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். அவளைப் பார்த்து மற்ற அம்மாள்களும் மாலை எடுத்தார்கள்; விருந்தினர் எப்போதும் மரியாதை தெரிந்தவர்கள், யாராவது ஒருவர் முதலில் காட்டினால் போதும்.

விதியை யாரும் திரும்பப் பெறவில்லை. அடுத்த கப்பலுக்கு வாசலில் போலீஸ்காரர் இல்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் உள்ளே வந்தார்கள், மிலியாமா பலகைக்குக் கீழே தன் இடத்தில் வாலை உதறி விரித்தாள். லெபெகா தன் ஹோலொக்கில் வந்திருந்தாள்; ஏதோ மாற்றம் தெரிந்தது. மிலியாமா குனிந்து வாலின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று முழமாக இருந்தது ஐந்தரை ஆகியிருந்தது, ஒட்டுப்போட்ட துணியின் நிறம்கூடச் சேரவில்லை.

"எதுக்குடி இவ்வளவு நீளம்? தடுக்கி விழப் போற."

"இருக்கட்டும் அண்ணி. யாருக்காவது வேண்டியிருக்கும்."